நான்கு முழமும் நாற்பதாயிரம் அடியும்

நீரை வடிகட்டிப் பருகுதல், கதிரவன் மறையுமுன் உண்ணுதல், விளக்கில் விட்டில் விழாமல் மூடிவைத்தல் ஆகிய நெறிகளை நம் முன்னோர் நமக்கு வழக்கமாகவே ஆக்கித் தந்தனர். கண்ணுக்குப் புலனாகும் உயிர்க்கும் புலனாகா உயிர்க்கும் ஊறு நேராமல் காத்துக்கொள்ளும் பயிற்சி அது. அந்நெறிகள் தோன்றிய காலத்தில் மனிதனின் வேகம் அவன் காலின் வேகமாகவோ, மிஞ்சினால் மாட்டு வண்டியின் வேகமாகவோ இருந்தது. இன்று நம் இல்லங்களில் மகனோ மகளோ பேரக்குழந்தையோ விமானத்தில் பறக்காத குடும்பம் அரிது. சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று பெயர்கள் நம் ஊர்த் திண்ணைகளிலும் இயல்பாக வழங்குகின்றன. அண்ணாமலையின் உச்சிக்கு மேலே இரவில் விளக்கு மினுக்கிச் செல்லும் விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, அதிலுள்ள இருநூறு முந்நூறு உயிர்களின் காவல் யாரிடம் உள்ளது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்காவலின் பெரும்பகுதி இன்று கணிப்பொறிகளிடம் உள்ளது. வானில் இரு விமானங்கள் மோதுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதையும் கணக்கிட்டே வழிகளை வகுக்கின்றனர். இக்கணக்கு நம் அறநெறி பற்றிய மூன்று வினாக்களை எழுப்புகிறது. இத்தனை சாவுக்கு மேல் கூடாது என்று முன்கூட்டியே எண் குறித்துக்கொள்வது அறமாகுமா? ஒருவரும் இறவாத இடத்தில் பழி உண்டா? விழித்திருக்கும் கடமையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் பொறுப்பினின்று விடுபடுவாரா? இவற்றை ஜினாகமம் காட்டும் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு எவ்வாறு பிறந்தது

வானம் பரந்தது, அதில் இரு விமானங்கள் மோதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். விமானங்கள் வானமெங்கும் சிதறிப் பறப்பதில்லை. நிலத்துச் சாலைகளைப் போலவே வகுத்த வழிகளில், வகுத்த உயரங்களில் பறக்கின்றன. ஆகவே அவை ஒன்றையொன்று அணுகுவது அன்றாட நிகழ்ச்சியே. எதிரெதிரே வரும் இரு விமானங்கள் ஒவ்வொன்றும் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அவற்றின் இடைவெளி வினாடிக்கு 500 மீட்டர் குறைகிறது. ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஒன்றையொன்று கண்டுகொண்டாலும் எஞ்சுவது 10 வினாடி மட்டுமே. அதற்குள் கண்டு, உணர்ந்து, முடிவெடுத்து, விலக வேண்டும். கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆதலால் முன்கூட்டியே இடைவெளி வகுக்கின்றனர். கிழக்கு நோக்கிச் செல்வனவற்றுக்குப் பொதுவாக ஒற்றைப்படை ஆயிரம் அடி உயரங்கள். மேற்கு நோக்கிச் செல்வனவற்றுக்கு இரட்டைப்படை. நம் ஊரில் கார்த்திகை தீபத்தன்று இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலையை வலம் வருகின்றனர். அவ்வளவு கூட்டத்திலும் முட்டி மோதாமல் நடக்க முடிவது எல்லோரும் மலையை வலப்புறம் வைத்து ஒரே திசையில் செல்வதாலன்றோ? வான்வழி விதியின் அடிப்படையும் இதுவே.

எவ்வளவு இடைவெளி போதும் என்ற வினா 1960களில் கூர்மையடைந்தது. வட அட்லாண்டிக் கடலின்மேல் விமானங்கள் பெருகியபோது, பக்கவாட்டில் விட்டிருந்த 120 கடல் மைல் இடைவெளியை 90 ஆகக் குறைக்க முயன்றனர். அது பாதுகாப்பா என்று விமானிகள் ஐயுற்றனர். இங்கிலாந்தின் அரச வானூர்தி ஆய்வு நிலையத்தைச் சார்ந்த பி.ஜி. ரைக் என்பவர் 1966 இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு கணக்கு முறையை அமைத்துத் தந்தார். மோதல் நேர வேண்டுமானால் இரு விமானங்கள் நீளவாட்டில், பக்கவாட்டில், உயரத்தில் ஆகிய மூன்றிலும் ஒரே வேளையில் ஒன்றாக வேண்டும். விமானம் தனக்குரிய வழியினின்று எவ்வளவு விலகுகிறது, எத்துணை முறை விலகுகிறது என்பதை அளந்து, விமானத்தின் பருமனையும் வேகத்தையும் நெரிசலையும் சேர்த்துப் பெருக்கினால் மோதலின் வாய்ப்பு தெரியவரும். இன்றுள்ள முறைகள் பலவும் இதன் வழிவந்தவையே.

இக்கணக்கை வேற்று நாட்டார் மட்டும் போடுகின்றனர் என்று கருத வேண்டா. நம் சென்னையிலேயே, இந்திய விமான நிலைய ஆணையத்தின் கீழ், 'போபாஸ்மா' என்று சுருக்கமாக வழங்கும் ஓர் அமைப்பு பணியாற்றுகிறது. வங்காள விரிகுடா, அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் ஆகியவற்றின்மேல் பறக்கும் விமானங்களின் விவரங்களையும், வழி தவறிய நிகழ்வுகளின் அறிக்கைகளையும் திரட்டி, நீளவாட்டிலும் பக்கவாட்டிலும் மோதல் வாய்ப்பை அது கணக்கிடுகிறது. உயரத்தில் நேரும் பிறழ்வுகளை ஆராயும் அமைப்பு பாங்காக் நகரில் உள்ளது. நடுக்கடலில் ரேடார் எட்டாது. அங்கே விமானம் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தானே அறிவித்துக்கொண்டு செல்கிறது.

எண் குறிப்பது அறமா

இனி முதல் வினாவுக்கு வருவோம். கணக்கிட்ட வாய்ப்பை ஓர் எல்லையோடு ஒப்பிடுகின்றனர். ஒவ்வொரு திசை அளவிலும் 100 கோடி பறப்பு மணிக்கு 5 உயிர்க்கொலை விபத்து என்பதே உலகளவில் பரவலாகக் கொண்டுள்ள எல்லை. அதாவது 20 கோடி மணி நேரத்துக்கு ஒன்று. பெரிய எண்ணைச் சிறு பொருளால் விளக்கு என்பது ஆசிரியப் பயிற்சியில் கற்ற பாடம். ஒரே விமானம் இரவும் பகலும் ஓயாது பறந்தால் 20 கோடி மணி நேரம் கழிய ஏறத்தாழ 22,800 ஆண்டுகள் ஆகும். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் எந்நேரமும் 10,000 விமானங்கள் வானில் இருப்பதாகக் கொள்வோம். அவை யாவும் அவ்வெல்லையைத் தொட்டுக்கொண்டே பறக்குமானால், அதே 20 கோடி மணி நேரம் இரண்டேகால் ஆண்டில் கழிந்துவிடும். ஒரே எண் ஒருவருக்கு அச்சமற்ற நிலையாகவும், ஊருக்கு அச்சமாகவும் தோன்றுகிறது.

"சுழியம் என்றல்லவா எல்லை வைத்திருக்க வேண்டும்? ஐந்து என்று எழுதிய கை, ஐந்து கொலைகளுக்கு இசைந்த கை அன்றோ?" என்று நம்மில் சிலர் வினவலாம். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு இவ்வினா எழுவது இயல்பே. எழவில்லை என்றால்தான் குறை.

விடை நம் நெறியின் அமைப்பிலேயே உள்ளது. துறவியர்க்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் வகுத்தது ஏன்? துறவி வாகனம் ஏறுவதில்லை. உழவோ வாணிகமோ செய்வதில்லை. சமைப்பதுமில்லை. இல்லறத்தான் இவற்றை விட்டு வாழ இயலாது. ஆதலால் ஹிம்சையை நான்காக வகுத்தனர்: கருதிச் செய்யும் சங்கல்பி, இல்லப் பணிகளில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் துறக்க வேண்டும். மற்றவற்றை இயன்ற மட்டும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அடுப்பு மூட்டும் இல்லத்தரசி விறகைத் தட்டிப் பார்த்து வைக்கிறாள். ஒரு சிற்றுயிரும் மடியாது என்று அவள் உறுதி கூற இயலாது. ஆயினும் தட்டிப் பார்த்தவளும் பாராதவளும் ஒன்றாகமாட்டார்கள்.

பறக்கும்வரை சுழியம் என்னும் எல்லை கிட்டாது. எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினாலன்றி அது வாராது. தரையில் நிறுத்தினால் அப்பயணிகள் சாலையில் செல்வர். அங்கும் சாவு உண்டு. ஆகவே எண் குறித்தலைத் தீதென்று தள்ள வேண்டுவதில்லை. அவ்வெண்ணை எவ்வாறு பயன்கொள்கிறோம் என்பதிலேயே அறமும் மறமும் பிரிகின்றன. 'இதற்கு உட்பட்டு இருக்கிறோம், இனி உறங்கலாம்' என்று எண்ணுபவனுக்கு அது கொலைக்குச் சீட்டு. 'இதனை மீறினால் உடனே வழியை மாற்ற வேண்டும். மீறாவிட்டாலும் இன்னும் குறைக்க இயலுமா' என்று கேட்பவனுக்கு அது நீர் வடிகட்டும் துணியைப் போன்ற கருவி.

ஒருவரும் இறவாத இடத்தில் பழி உண்டா

இரண்டாம் வினாவே மிக ஆழமானது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிரைப் போக்குதல் என்பதோடு நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்று அடைகொடுத்துக் கூறுகிறது. பேச்சு வழக்கில் 'பிரமாதம்' என்றால் சிறப்பு என்று பொருளாகிவிட்டது. ஆகமத்தில் அதன் பொருள் விழிப்பின்மை, அசட்டை என்பதாகும். நல்ல தமிழில் இதனைப் பொச்சாப்பு என்பர். நம்மவர் போற்றும் திருக்குறளில் 54 ஆம் அதிகாரம் பொச்சாவாமை என்றே பெயர் பெற்றிருப்பதை வாசகர்கள் அறிவர்.

நம் மாவட்டத்துப் பொன்னூர் மலையில் எவருடைய திருவடிகளை வணங்குகிறோமோ, அந்தக் குந்தகுந்த ஆசாரியர் இதனை மேலும் ஓர் அடி முன்னெடுத்துச் சென்றார். பிரவசனசாரத்தில் அவர் அருளிய கருத்தின் சாரம் இது: உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், கவனமின்றி ஒழுகுபவனுக்கு ஹிம்சை உறுதி, சமிதிகளில் கவனத்தோடு ஒழுகுபவனுக்கு வெறும் உயிர்ச்சேதம் மாத்திரத்தால் பந்தம் இல்லை. துறவியரை நோக்கிச் சொன்ன சொல்லாயினும் இல்லறத்தாரும் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது. பாராமல் கால் வைத்தவன் அடியில் எறும்பு இல்லாமற் போனது அவனுடைய நல்லொழுக்கம் ஆகாது.

இப்பொழுது வான்வழிக் கணக்கை மீண்டும் நோக்குக. மோதி வீழ்ந்த விமானங்களை எண்ணி அக்கணக்கைப் போடுவதில்லை. அவை மிகச் சிலவே; அவற்றைக் கொண்டு எதையும் அளக்க இயலாது. விமானம் தனக்குரிய உயரத்தினின்று பிறழ்ந்து, எவருக்கும் ஊறின்றி மீண்ட நிகழ்வுகளையே திரட்டுகின்றனர். ஒரு நிலையம் அடுத்த நிலையத்துக்கு விமானத்தை ஒப்படைக்கும்போது உயரத்தைத் தவறாகக் கூறிய நிகழ்வுகளும் அதில் அடங்கும். பயணி ஒருவரும் அறிந்திரார், தேநீர் அருந்திக்கொண்டிருந்திருப்பார். ஆனால் கணக்கேட்டில் அது இடர் என்று பதிவாகிறது. பிறழ்ந்து பறந்த நேரம் நீண்டால் இடரும் மிகுகிறது. சாவைப் பாராமல் கவனப் பிழையை எடைபோடும் இம்முறை, குந்தகுந்தரின் தராசுக்கு மிக அண்மையில் நிற்கிறது என்பது நம் துணிபு.

இதனைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் நகரில் தரையிறங்க வந்த பயணி விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் மாண்டனர். அதன்பின் அமெரிக்க விசாரணை வாரியம் பழைய பதிவுகளைப் புரட்டியது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அவ்விமான நிலையத்தின் அருகே பயணி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கிய நிகழ்வுகள் 15,214 என்று கண்டது. அவற்றுள் 85 நிகழ்வுகளில் பக்கவாட்டில் 1,500 அடிக்கும், உயரத்தில் 200 அடிக்கும் குறைவான இடைவெளியே இருந்தது. பதிவுகள் இருந்தன, அவற்றின் பொருளை உரிய காலத்தில் உணர்ந்து வழியை மாற்றவில்லை. 67 உயிர்கள் போன நாளில்தான் ஹிம்சை நிகழ்ந்தது என்று உலகம் கருதும். நம் நெறியின்படி அதற்கு முன்னரே, ஒருவரும் இறவாத நாள்களிலேயே, அது நிகழ்ந்துகொண்டிருந்தது.

கருவியும் கவனமும்

மூன்றாம் வினா இயந்திரம் பற்றியது. கருவி வேண்டா என்று சொல்வார் எவரும் இலர். கருவியின்மையால் நேர்ந்த கொடுமையை நம் நாடே கண்டது. 1996 நவம்பர் 12 அன்று மாலை, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய விமானமும், டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வரும் விமானத்தை 15,000 அடியிலும் செல்லும் விமானத்தை 14,000 அடியிலும் இருக்கப் பணித்திருந்தனர். வந்த விமானம் தனக்குரிய உயரத்தைவிடத் தாழ இறங்கிவிட்டது. அந்நாளில் டெல்லி ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்வழி. மோதலை உணர்ந்து எச்சரிக்கும் கருவி அவ்விமானங்களில் இல்லை. நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணைக்குப் பின், வரும் வழியும் செல்லும் வழியும் பிரிந்தன. எச்சரிக்கைக் கருவி இந்திய வான்வெளியில் கட்டாயமாயிற்று.

கருவி இருந்தும் காவாத நிகழ்ச்சி 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே நேர்ந்தது. இரு விமானங்களிலும் எச்சரிக்கைக் கருவி இருந்தது. இரண்டும் சரியாகவே வேலை செய்தன. கருவி ஒரு விமானத்தை மேலேறு என்றது. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் அதே விமானத்தைக் கீழிறங்கு என்றார். விமானிகள் மனிதக் குரலுக்குப் பணிந்தனர். மற்ற விமானம் கருவி சொன்னபடி கீழிறங்கியது. மாண்டவர் 71 பேர், பெரும்பாலோர் குழந்தைகள். அன்றிரவு சூரிக் நிலையத்தில் ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணியால் கணிப்பொறி எச்சரிக்கையும் தொலைபேசி இணைப்பும் குறைபட்டிருந்தன. கருவியும் மனிதரும் முரண்படும்போது கருவியின் சொல்லையே கேட்க வேண்டும் என்பது அதன்பின் உலகெங்கும் தெளிவான விதியாயிற்று.

இங்கே ஒரு விந்தையையும் கூற வேண்டும். கருவி மிகத் துல்லியமாக இருப்பதே சிலபோது இடராகிறது. பழங்காலத்து விமானங்கள் வழியின் இருபுறமும் சற்றே அலைந்து பறந்தன. இரண்டு விமானங்கள் தவறுதலாக ஒரே உயரத்தில் வந்தாலும் அந்த அலைவே அவற்றைக் காத்துவிடும். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டுதலால் விமானங்கள் கோட்டின் மேலேயே பறக்கின்றன. உயரம் தவறினால் நேருக்கு நேர்தான். 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசில் நாட்டின் அமேசான் காட்டுக்கு மேலே இரு விமானங்கள் ஒரே வழியில், ஒரே 37,000 அடி உயரத்தில் எதிரெதிரே வந்து மோதின. ஒன்றின் இருப்பை அறிவிக்கும் கருவி செயலற்றிருந்தது, எச்சரிக்கை ஒலிக்கவில்லை, கருவி மௌனமானதைக் காலத்தில் கண்டு தீர்ப்பார் இல்லை. 154 பேர் மாண்டனர். இத்தகைய இடரைக் குறைக்கவே, கடல்வெளி வழிகளில் விமானி வேண்டுமென்றே நடுக்கோட்டினின்று இரண்டு கடல் மைல் வரை வலப்புறம் ஒதுங்கிப் பறக்க விதி இடம் தருகிறது.

நம் முனிவர்களின் கையிலுள்ள மயிற்பீலியை இவ்விடத்தே நினைவு கூர்வோம். அதுவும் கருவியே. அமருமிடத்திலுள்ள சிற்றுயிர்களை நோவாமல் விலக்குவதற்கு அதனினும் மெல்லிய கருவி இல்லை. ஆயினும் பீலியைக் கையில் ஏந்தியதாலேயே ஈரியா சமிதி நிறைவேறிவிடுவதில்லை. நான்கு முழம் தொலைவை நோக்கி, பகலொளியில், மனத்தை வேறிடம் செலுத்தாமல் நடக்க வேண்டும். கண் நோக்காவிடில் பீலி வெறும் இறகுக் கற்றை. தானியங்கி அமைப்பும் அத்தகையதே. நாற்பதாயிரம் அடி உயரத்தில் நான்கு முழம் போதாது. அங்கே நூற்றுக்கணக்கான மைல் தொலைவை நோக்கும் கண் வேண்டும். அக்கண்ணைக் கணிப்பொறி தருகிறது. நோக்கும் கடமையை அது ஏற்பதில்லை.

பழி யாரைச் சேரும்

கணிப்பொறி தவறு செய்தது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. நம் தத்துவப்படி அது அஜீவம். உணர்வும் கஷாயமும் அற்ற புத்கலத் திரள். அதற்கு விழிப்பும் இல்லை, விழிப்பின்மையும் இல்லை; வினை அதனைப் பற்றாது. அவ்வாறாயின் வினை வேறு எவரையோ பற்ற வேண்டும். செய்தல், செய்வித்தல், செய்தார்க்கு உடன்படுதல் என மூவகையாலும், மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நாம் நாள்தோறும் ஓதும் பாடம். கருவியைச் சோதியாது விற்றவர், குறையறிந்தும் நிறுவியவர், இரவுப் பணிக்கு ஒருவரே போதும் என்று ஒப்பமிட்டவர் ஆகிய எல்லோரும் இம்மூன்றில் ஒன்றுக்குள் வருவர்.

யூபர்லிங்கன் நிகழ்ச்சியில் உலகியல் நீதியும் இதனையே உணர்ந்தது. 2007 இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஊழியர் நால்வரைக் கவனக்குறைவால் உயிர்போக்கிய குற்றத்துக்காகத் தண்டித்தது. அவர்களுள் மூவர் மேலாளர் நிலையில் இருந்தவர்கள். அன்றிரவு பலகையின் முன் அமர்ந்திருந்த கட்டுப்பாட்டாளரோ 2004 இலேயே, மனைவி மக்களை அவ்விபத்தில் இழந்த ஒருவரால் கொல்லப்பட்டுவிட்டார். பழியை ஒரே மனிதர்மேல் சுமத்திய சினம் இன்னொரு கொலையாக முடிந்தது. செய்வித்தோரையும் உடன்பட்டோரையும் ஆராயாமல் கைக்கெட்டியவரைக் குற்றவாளி ஆக்குவது எவ்வளவு பெரிய அநீதி என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மற்றொரு நுட்பத்தையும் கருத வேண்டும். கருவி திறம்பட வேலை செய்யச் செய்ய, அருகில் அமர்ந்திருக்கும் மனிதரின் விழிப்பு தளர்கிறது. ஆயிரம் இரவு எச்சரிக்கை மணி ஒலியாதிருந்தால் ஆயிரத்தோராவது இரவில் ஒலிக்கும்போது கை தடுமாறும். ஆகவே தானியங்கியை நிறுவுவோர் மனிதரின் பயிற்சியைக் குறைத்தல் ஆகாது, கூட்டவே வேண்டும். நம் ஆகமம் சமிதியை ஒருநாள் விரதமாக வைக்காமல் அன்றாட ஒழுக்கமாக வைத்ததன் கருத்து இதுவே போலும்.

நம் பங்கு

'நாம் விமானம் ஓட்டுவதில்லை, கணிப்பொறி செய்வதில்லை, நமக்கென்ன?' என்று இருந்துவிட இயலாது. உடன்படுதல் என்னும் மூன்றாம் வாயில் பயணிகளாகிய நமக்கும் திறந்தே உள்ளது. 2025 நவம்பர் மாதம் டெல்லி விமான நிலையத்தில், பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்களுக்கு அனுப்பும் கணிப்பொறி அமைப்பு பழுதுற்றது. அவர்கள் அவற்றைக் கையால் சரிபார்த்து ஒவ்வொரு விமானமாக விட்டனர். நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. பயணிகள் சினந்தனர். ஆனால் அத்தாமதம் விழிப்பின் விலை. ஐயமுள்ளபோது நிறுத்தி நிதானித்தவரை வைவதும், ஐயத்தைப் பொருட்படுத்தாது விரைந்தவரைப் பாராட்டுவதும் நாம் செய்வோமாயின், அடுத்த முறை அவர் நிறுத்தத் தயங்குவார். அத்தயக்கத்தில் நம் பங்கும் உண்டு.

ஆகவே நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி வைப்போம். பயணத்தில் தாமதம் நேர்ந்தால் காரணத்தை வினவுங்கள்; காரணம் பாதுகாப்பாயின் அமைதியாக இருங்கள். பொறியியலும் கணிப்பொறியும் கற்ற நம் இளைஞர்கள் இத்தகைய அமைப்புகளை இயற்றும் பணியிலும் சேரக்கூடும். அவர்கள், ஒருவரும் இறவாத பிழையையும் மறையாமல் ஏட்டில் எழுத வேண்டும். தவறை முன்வந்து அறிவித்தவரைத் தண்டிக்கும் வழக்கத்துக்கு எவ்விடத்தும் துணை போகலாகாது. தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார், மறைத்த பிழை பெருகும். நாம் செய்யும் பிரதிக்கிரமணமும் இதுவன்றோ? அன்றன்று நேர்ந்த சிறு பிறழ்வுகளை, அவற்றால் ஓர் உயிரும் மடியாதிருந்தாலும், அன்றன்றே எண்ணி ஒப்புக்கொள்ளும் ஒழுக்கம் அது.

எறும்புக்காகக் கீழே நோக்கி நடக்கக் கற்ற சமுதாயம் நம்முடையது. அந்த நோக்கு வானத்துக்கும் பொருந்தும் என்பதை நாம் உணர்ந்து, பிறருக்கும் எடுத்துரைப்பது இக்காலத்தில் நாம் ஆற்றத்தக்க அகிம்சைப் பணியாகும்.

அறம் வளர்க. எல்லா உயிரும் இன்புறுக.